கவுண்டரில் நிற்கும்போதும் தமிழ் வரட்டும்

"எங்கட அலுவலைத் தமிழிலேயே பார்க்கவேணும்" என்று வீட்டில் சொல்லுவோம். பிரதேச செயலகத்தில் நம் முறை வந்ததும் நா ஒட்டிக்கொள்ளும். சிங்களப் படிவத்தையே வாங்கி நிரப்பிவிடுவோம். அந்த நேரம் பயம் சட்டென்று இறங்கும். அதனாலேயே அடுத்த முறை இன்னும் பெரிதாக வரும்.

அவசரமில்லாத அலுவலில் தொடங்குங்கள். நாளைக்கே தேவைப்படும் பிறப்புச் சான்றிதழோடு தொடங்கினால் பாதியில் மாறிவிடுவீர்கள். முதலில் கடிதம்: தமிழில் எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டு பத்திரம். பிறகு கவுண்டர். "தமிழ்ப் படிவம் தாங்கோ" என்ற ஒரே வசனத்தை வீட்டில் பத்துத் தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொன்னால் அங்கே குரல் வராது. மூச்சை மெதுவாக வெளியே விட்டபின் பேசுங்கள்.

"இல்லை" என்றால் வாக்குவாதம் வேண்டாம். கோரிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி கொழும்பிலும் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற உரிமையுண்டு. பதில் வராவிட்டால், நீங்கள் வைத்திருக்கும் கடிதப் பிரதியோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம்.