மண் தரவும் மாதிரியாக்கக் கல்வியும்: ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி மாதிரியாக்கத்தை உண்மையான மண் தரவைக் கொண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆய்வுகள் இரண்டு துறைகளின் எல்லையில் நிற்கின்றன. மண்ணியலிலிருந்து வருபவர் தரவைக் கவனமாகக் கையாண்டுவிட்டு, மாணவர்கள் என்ன கற்றார்கள் என்ற கேள்வியை ஒரு கருத்துக்கணிப்புத் தாளோடு முடித்துக்கொள்கிறார். கல்வியியலிலிருந்து வருபவர் தேர்வு வினாக்களைச் செம்மையாக வடிவமைத்துவிட்டு, இணையத்திலிருந்து இறக்கிய மண் வரைபடத்தை அளந்தெடுத்த உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார். இவ்விரு தரப்பின் தவறுகளும் வெவ்வேறாகத் தோன்றினாலும், அவற்றுள் மிகக் கடுமையானது இருவருக்கும் பொதுவானது: அருகருகே இருப்பவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிடுவது. அதை விளக்குவதற்கு முன், வரைபடத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரைபடம் என்பது அளவீடு அன்று

நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் இயங்கும் ஐஎஸ்ஆர்ஐசி என்ற மண் தகவல் நிறுவனம் வெளியிடும் சாயில்கிரிட்ஸ் தரவுத்தொகுப்பு, உலகின் மண் பண்புகளை 250 மீட்டர் பிரிதிறனில், அதாவது 250 மீட்டர் பக்கம் கொண்ட கட்டங்களாகத் தருகிறது. அதன் இரண்டாம் பதிப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 2,40,000 இடங்களில் எடுக்கப்பட்ட மண் விவரங்களையும் நில உயரம், மழையளவு போன்ற 400-க்கும் மேற்பட்ட சுற்றுச்சூழல் துணை மாறிகளையும் கொண்டு, இயந்திரக் கற்றல் முறையில் கணிக்கப்பட்டது. உலகின் நிலப்பரப்பை 250 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் எண்ணிக்கை இருநூறு கோடியைத் தாண்டும். ஆகவே பல்லாயிரம் கட்டங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் யாரேனும் குழி வெட்டி மண்ணைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குழிகளும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெருக்கமாகவும், பாலைவனங்களிலும் வட துருவத்தை ஒட்டிய பகுதிகளிலும் அரிதாகவும் இருக்கின்றன. மற்றவை அனைத்தும் கணிப்புகள்.

இதை மறந்தால் ஆய்வு தன்னைத்தானே சுற்றிவரத் தொடங்கிவிடும். மாணவர்கள் களிமண் விகித வரைபடத்தையும் நில உயர வரைபடத்தையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகக் கண்டறிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மகிழ்கிறார், கட்டுரையும் எழுதப்படுகிறது. ஆனால் அந்தக் களிமண் வரைபடத்தை உருவாக்கியபோதே உள்ளீடுகளில் ஒன்றாக நில உயரமும் சேர்க்கப்பட்டிருந்தது. மாணவர்கள் கண்டது இயற்கையின் தொடர்பா, கணிப்பைச் செய்த கணினி மாதிரியுரு (model) தானே பின்னிவைத்த தொடர்பா என்பதைப் பிரித்தறிய அந்தப் பயிற்சியில் வழியே இல்லை. தாவரப் பசுமைக் குறியீடு, மழையளவு, வெப்பநிலை ஆகிய மூன்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தொடர்புகளை ஆராய்வதுதான் நோக்கம் என்றால், கணிக்கப்பட்ட கட்டங்களை விட்டுவிட்டு, அதே நிறுவனம் வோசிஸ் என்ற பெயரில் திரட்டி வைத்திருக்கும் நேரடி மண் விவரப் பதிவுகளுக்குச் செல்ல வேண்டும். அவை குறைவாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். பாடத்துக்கு அந்த ஒழுங்கின்மையே பயன் தரும்.

கணிப்போடு சேர்த்து வெளியிடப்படும் நிச்சயமின்மை எல்லைகளைப் பயிற்சித் தாளிலிருந்து நீக்கிவிடுவது இன்னொரு வழக்கம். சாயில்கிரிட்ஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி, இடைநிலை ஆகியவற்றோடு 5, 95 ஆகிய சதமான மதிப்புகளையும், அதாவது உண்மை மதிப்பு பெரும்பாலும் அடங்கக்கூடிய கீழ், மேல் எல்லைகளையும் தருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கட்டத்தின் அங்ககக் கரிமம் கிலோவுக்கு 14 கிராம் என்றும், அதன் எல்லைகள் 6 முதல் 38 வரை என்றும், பக்கத்துக் கட்டத்தின் மதிப்பு 15 என்றும் கொள்வோம். எல்லைகளைப் பார்க்காத மாணவர் இரண்டாவது கட்டத்து மண்ணே வளமானது என்று எழுதுவார்; பார்க்கும் மாணவர் இவற்றை ஒப்பிடவே முடியாது என்பார். வகுப்பறைக்குப் பாடத்தை எளிமையாக்குகிறோம் என்று சொல்லி நாம் நீக்குவது, பெரும்பாலும் மாதிரியாக்கக் கல்வியின் மையப்பொருளைத்தான்.

பிரிதிறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவு வேளாண்மை அமைப்பும் யுனெஸ்கோவும் 1971 முதல் 1981 வரை வெளியிட்ட உலக மண் வரைபடத்தின் அளவுத்திட்டம் 1:50,00,000. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 5 கிலோமீட்டர். அப்படிப்பட்ட வரைபடத்தை மென்பொருளில் 100 மீட்டர் கட்டங்களாக மாற்றினால் கோப்பின் அளவு கூடுமே தவிரத் தகவல் கூடாது. 250 மீட்டர் கட்டமும் 6.25 ஹெக்டேரை ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. ஆகவே மாணவர் ஒருவர் ஒரு மண்வெட்டி அளவு மண்ணை எடுத்துச் சோதித்து, கார அமில நிலை (pH) 6.1 என்று கண்டு, வரைபடம் 7.0 என்று காட்டினால், மாணவரின் சோதனை தவறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டு எண்களும் வேறு வேறு பரப்பைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றின் வேறுபாட்டை விளக்கச் சொல்வதே நல்ல தேர்வு வினாவாக அமையும்.

அலகு, ஆழம், ஆய்வக முறை

இந்தப் பகுதித் தவறுகள் அலுப்பூட்டுபவை. ஆனால் பல முடிவுகளைக் கவிழ்ப்பவையும் இவைதான். சாயில்கிரிட்ஸ் கோப்புகளில் கார அமில நிலை பத்தால் பெருக்கப்பட்டு முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கும். 63 என்றால் 6.3. பருமன் அடர்த்தியில் (துளைகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்ந்த மண்ணின் நிறை) 132 என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.32 கிராம். களிமண் விகிதம் நூற்றுக்கு இத்தனை என்றல்லாமல் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று தரப்படுகிறது. அலகு மாற்றாமல் இவற்றை நேரே மாதிரியுருவில் ஊட்டினாலும் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் ஒரு விடையைத் தந்துவிடும்.

ஆழத்துக்கு வருவோம். தரவு 0–5, 5–15, 15–30, 30–60, 60–100, 100–200 சென்டிமீட்டர் என்று ஆறு அடுக்குகளாக இருக்கிறது. மேல் 30 சென்டிமீட்டருக்கான மதிப்பு வேண்டுமென்றால் முதல் மூன்று அடுக்குகளைக் கூட்டி மூன்றால் வகுப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் அடுக்குகளின் தடிமன் சமமாக இல்லை. கிலோவுக்கு 30, 18, 12 கிராம் என்று கரிமம் இருந்தால், எளிய சராசரி 20; தடிமனுக்கேற்ப எடையிட்ட சராசரி 17. கரிமச் சேமிப்பைக் கணக்கிடும்போது கற்களையும் கழிக்க வேண்டும். 1.2 விழுக்காடு கரிமமும் 1.4 பருமன் அடர்த்தியும் கொண்ட மண்ணில், மேல் 30 சென்டிமீட்டரில் ஹெக்டேருக்கு 50.4 டன் கரிமம் இருப்பதாகக் கணக்கு வரும். அந்த மண்ணின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு சரளைக்கல் என்றால் உண்மையில் இருப்பது 40.3 டன்தான். இந்தப் பத்து டன், கருத்தில் கொள்ளாமல் விடக்கூடிய வேறுபாடு அன்று.

பல மூலங்களிலிருந்து மண் பதிவுகளைச் சேர்ப்பவர்கள் ஆய்வக முறைகளையும் விசாரிக்க வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசலில் அளந்த கார அமில நிலை, தண்ணீரில் அளந்ததைவிடப் பொதுவாக அரை அலகு முதல் ஓர் அலகு வரை குறைவாக இருக்கும். 1934-இல் வெளியான, கரிமத்தை வேதிப்பொருளால் அளக்கும் வாக்லி–பிளாக் முறை கரிமம் முழுவதையும் ஆக்சிஜனேற்றம் செய்வதில்லை, அதனால்தான் 1.3 போன்ற திருத்தக் காரணியைப் பயன்படுத்துகிறார்கள், மண்ணை உயர் வெப்பத்தில் எரித்து அளக்கும் உலர் எரிப்பு முறைக்கு அது தேவையில்லை. அமெரிக்க வகைப்பாட்டில் மணலுக்கும் வண்டலுக்கும் இடையிலான துகள் விட்ட எல்லை 50 மைக்ரோமீட்டர், பன்னாட்டு வகைப்பாட்டில் 20 மைக்ரோமீட்டர். ஆகவே ஒரே மண், ஒரு பட்டியலில் கூடுதல் மணலோடும் மற்றொன்றில் கூடுதல் வண்டலோடும் தோன்றும். இரு பகுதிகளின் மண்ணை ஒப்பிட்டதாக எண்ணிக்கொண்டு இரு ஆய்வகங்களை ஒப்பிடும் விபத்து இப்படித்தான் நேர்கிறது.

ஆயத்தொலைவுகளில் நிகழும் பிழைகளைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. அட்டவணையில் ஆயத்தொலைவு நிரப்பப்படாத இடங்கள் பூஜ்யமாக மாறிவிட்டால், அந்த மண் மாதிரிகள் எல்லாம் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்ற புள்ளியில், அதாவது கினி வளைகுடாவின் கடல் நடுவே போய் விழும். தரவின்மையைக் குறிக்கும் -9999, -32768 போன்ற எண்கள் சராசரிக்குள் நுழைந்துவிடுவதும் உண்டு. எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் இட்டும், ஒவ்வொரு மாறியின் சிறுமத்தையும் பெருமத்தையும் பார்த்தும் தொடர்வது நல்லது.

ஒரே தெருவின் சாட்சிகள்

ஒரே தெருவில் வசிக்கும் முப்பது பேர் ஒரே செய்தியைச் சொன்னால் அது முப்பது சாட்சியம் ஆகாது. மண்ணும் அப்படித்தான்: ஐம்பது மீட்டர் இடைவெளியில் எடுத்த இரண்டு மண் மாதிரிகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். தரவைச் சீரற்ற முறையில் (குலுக்கல்போல்) மாதிரியுருவைப் பழக்கும் பயிற்சித் தொகுதி, அதைச் சரிபார்க்கும் சோதனைத் தொகுதி என்று பிரித்தால், சோதனைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் மிக அருகே ஒரு பயிற்சிப் புள்ளி இருந்துவிடுகிறது. மாதிரியுரு புதிதாக எதையும் கணிக்காமல் பக்கத்து மதிப்பையே ஏறக்குறைய நகலெடுத்து, உயர்ந்த துல்லியத்தைக் காட்டுகிறது. தரவே இல்லாத பகுதிக்கு அதைக் கொண்டுசென்றால்தான் அதன் பலவீனம் வெளிப்படும். நிலப்பரப்பைத் தொகுதிகளாக வகுத்து, முழுத் தொகுதியையே சோதனைக்காக ஒதுக்குவது இதற்கான வழக்கமான மாற்று. அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது. நிகழ்தகவு அடிப்படையில் ஒரு பகுதி முழுவதிலும் மண் மாதிரிகள் எடுக்கப்பட்டு, அந்தப் பகுதிக்குள்ளேயே கணிப்பதாக இருந்தால், தொகுதி முறை பிழையை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். மாதிரியுருவை எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தே சரிபார்ப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டுரையின் மண்ணியல் பாதியில் இதையெல்லாம் கண்டிப்பாகக் கடைப்பிடித்த அதே ஆய்வாளர், கல்வியியல் பாதியில் நான்கு வகுப்புகளின் 120 மாணவர்களை 120 தனிச் சான்றுகளாகக் கணக்கிடுவார். ஒரு வகுப்பின் மாணவர்களுக்கு ஆசிரியர், கால அட்டவணை, கணினி அறை எல்லாம் பொது. ஒருவரோடு ஒருவர் பேசியும் கற்கிறார்கள். வகுப்புக்கு 30 பேர், உட்குழு ஒட்டுறவு (ஒரே வகுப்பினர் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.2 என்று கொண்டால், வடிவமைப்பு விளைவு (மாணவர் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண்) 1 + 29 × 0.2, அதாவது 6.8. எனவே 120 மாணவர்கள் தரும் தகவல் ஏறத்தாழ 18 தனி மாணவர்கள் தருவதற்குச் சமம். இரண்டு வகுப்புகளை மட்டும் எடுத்து, ஒன்றுக்குப் புதிய மென்பொருளும் மற்றொன்றுக்குப் பழைய முறையும் தந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே மென்பொருளின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. மாணவர், வகுப்பு ஆகிய இரு நிலைகளையும் தனித்தனியே கணக்கில் கொள்ளும் பன்னிலை மாதிரியுருவைப் பயன்படுத்துவது ஒரு பகுதித் தீர்வே; முதன்மையான தீர்வு, மாணவர் எண்ணிக்கையைவிட வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

கருவியைக் கற்றதா, கருத்தைக் கற்றதா

நெட்லோகோ (உருவகப்படுத்தல்), கியூஜிஐஎஸ் (வரைபடம்) போன்ற மென்பொருள்களைக் கையாளத் தெரிந்துகொள்வதும் மாதிரியாக்கத்தைப் புரிந்துகொள்வதும் வேறு வேறு திறன்கள். பயிற்சியின் முடிவில் "இந்த மென்பொருள் பயனுள்ளதாக இருந்ததா" என்று கேட்டுப் பெற்ற உயர்ந்த மதிப்பெண்களைக் கற்றலுக்கான சான்றாக முன்வைப்பது இத்துறையில் சலிப்பூட்டும் அளவுக்குப் பரவலாக இருக்கிறது. இதைவிட நுட்பமான தவறு, மாணவரின் மாதிரியுரு எட்டிய துல்லியத்தையே அவருடைய புரிதலின் அளவுகோலாகக் கொள்வது. ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற இயந்திரக் கற்றல் முறைகள், எதையும் மாற்றாமல் இயல்பு அமைப்பிலேயே ஓட்டினாலும் பெரும்பாலும் மதிக்கத்தக்க துல்லியத்தைத் தந்துவிடும். துல்லியத்துக்கு மதிப்பெண் என்றால் மாணவர்கள் சீரற்ற பிரிப்பையே தேர்ந்தெடுப்பார்கள், ஏனெனில் அதில்தான் எண் உயரும்.

மாறாக, மாதிரியுருவை ஓட்டுவதற்கு முன் விடையை ஊகிக்கச் சொல்லலாம். வரைபடத்தில் எந்த இடத்தில் கணிப்பு தோற்கும் என்று குறிக்கச் சொல்லி, காரணத்தையும் எழுதச் சொல்லலாம். ஹான்ஸ் ஜென்னி 1941-இல் முறைப்படுத்திய தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தோற்றம், மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்து மண் உருவாக்கக் காரணிகளையும் முதலில் காகிதத்தில் இணைத்துக் காட்டச் சொல்வதும் பலன் தரும். அந்த அடிப்படை இல்லாதவர் கையில் கிடைத்த எல்லா வரைபட அடுக்குகளையும் மாதிரியுருவில் கொட்டுவார். இருப்பவர் ஒவ்வோர் அடுக்கும் எந்தக் காரணிக்காக நிற்கிறது என்று கேட்பார்.

தரவை வெளியிடும் கட்டத்திலும் இரு துறைகளின் வழக்கங்கள் மோதுகின்றன. மாணவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து மண் எடுத்து வந்திருந்தால், ஐந்து தசம இடங்கள் கொண்ட ஆயத்தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியத்தில் அவர்களுடைய வீட்டைச் சுட்டிவிடும். பெயர்களை நீக்கியதால் மட்டும் அவர்களின் அடையாளம் மறைந்துவிடாது. இரண்டு தசம இடங்களாகச் சுருக்கினால் துல்லியம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டராகக் குறைந்து பாதுகாப்பு கூடும், ஆனால் அந்தப் புள்ளி வேறொரு 250 மீட்டர் கட்டத்துக்குள் நகர்ந்துவிடக்கூடும். ஆகவே துணை மாறிகளின் மதிப்புகளை முழுத் துல்லிய ஆயத்தொலைவிலிருந்து முதலில் எடுத்துச் சேமித்துவிட்டு, அதன் பிறகே ஆயத்தொலைவைச் சுருக்க வேண்டும். அப்போதும் நுண்ணிய அடுக்குகளின் மதிப்புகள் பல ஒன்றுசேர்ந்து இடத்தைக் காட்டிக்கொடுக்க வாய்ப்பு இருப்பதால், பொதுவில் இடும் கோப்பில் அவற்றையும் முழு எண்ணாக்கியோ வகைகளாக்கியோ தர வேண்டும்.