ஸ்டீரியோவில் சத்தம் சரியில்லையா? ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள்

ஒரு பக்க ஸ்பீக்கர் பாடவில்லை என்றால் நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. ஆம்ப்ளிஃபையரின் மண்டையில் ஒரு தட்டு தட்டுவோம். இல்லையென்றால் பின்னால் கையை விட்டு எல்லா ஒயரையும் பிடுங்கி மறுபடி சொருகுவோம். சில நேரம் சத்தம் வந்தும் விடும். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது; அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

அதற்கும் முன்னால் முகப்பில் உள்ள பொத்தான்களைப் பாருங்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘டேப் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். டேப் டெக் இணைக்காமல் அது அமுங்கியிருந்தால் ஒரு சத்தமும் வராது, செட் செத்துப்போனது போலவே இருக்கும். தூசி துடைக்கும்போது பேலன்ஸ் குமிழ் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கலாம். ஹெட்போன் சொருகியபடியே கிடந்தாலும் பல செட்களில் ஸ்பீக்கர் நின்றுவிடும். இதற்காக மெக்கானிக்குக்குக் காசு கொடுத்தவர்கள் நிறைய.

சரி, பொத்தான்களில் தவறில்லை, இடது ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, சிடி பிளேயரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்கள் இரண்டையும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இடம் மாற்றிச் சொருகுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையாகி இடது பாடினால், கோளாறு ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால்: கேபிளிலோ பிளேயரிலோ. வேறு கேபிள் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பின்களை மாற்றியும் இடதே ஊமையாக இருந்தால், கோளாறு ஆம்ப்ளிஃபையரில் அல்லது அதற்குப் பின்னால். பின்களைப் பழையபடி வைத்துவிட்டு, செட் அணைந்திருக்கும்போதே ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இடம் மாற்றுங்கள். இடது ஸ்பீக்கர் இப்போது பாடி, வலது நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் இடது பக்கத்தில் பழுது. இடது ஸ்பீக்கர் அப்போதும் ஊமை என்றால் ஸ்பீக்கர் அல்லது அதன் ஒயர். இவ்வளவுக்கும் ஒரு கருவியும் தேவையில்லை. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 8 ஓம் ஸ்பீக்கரை அளந்தால் பெரும்பாலும் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். எவ்வளவு என்று காட்டாமல் முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது.

ஸ்பீக்கர் ஒயரை மாட்டும்போது ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டுவிடாமல் பாருங்கள். தலைமுடி அளவு செம்பு இழைதான். அது போதும், நல்ல செட் என்றால் பாதுகாப்பு சர்க்யூட் சத்தத்தை நிறுத்திவிடும், பாதுகாப்பு இல்லாததென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

அடுத்தது இரைச்சல். ‘ம்ம்ம்’ என்ற அடிநாதம் கேட்டவுடன் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் அறிவுரை ஊரெல்லாம் உண்டு. செய்யவே கூடாத காரியம் இது. உள்ளே ஏதாவது ஒயர் விட்டுப்போய் உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவதும் ஃபியூஸை விழவைப்பதும் அந்த எர்த்தான். அதை வெட்டிவிட்டால் பெட்டியைத் தொடும் ஆள்தான் தரைக்கு வழி. (இரட்டைக் காப்புள்ள செட்கள் தயாரிப்பிலேயே இரண்டு பின்னுடன் வரும்; அது வேறு.)

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காதை வைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரிலிருந்து இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அது பெரிதாகிறது என்றால் காரணம் செட் இல்லை. சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர். ஸ்பீக்கரில்தான் கேட்கிறது என்றால் வால்யூமை முழுவதும் குறையுங்கள். அப்போதும் அதே அளவு கேட்டால் ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை பக்கம் சந்தேகப்படலாம். பழைய செட் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றாலும், இப்படி வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் உறுமலாக இருக்கும்.

வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பின்னால் இணைத்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். டிவி மாட்டும்போது இரைச்சல் தொடங்கினால், செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அங்கேயே நின்றுவிடும். மாடியிலிருந்து இறங்கும் அந்தக் கேபிளுக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபையருக்கு வேறொரு எர்த். இரண்டும் சேர்ந்து வளையமாகி அதில் ஓடும் கரண்ட்டைத்தான் நாம் கேட்கிறோம். எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் இணைத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால், இரண்டு எர்த்தையும் பிரித்துவைக்க கேபிள் வழியில் போடும் ஐசொலேட்டர் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. ரெக்கார்டு பிளேயரில் இரைச்சல் என்றால் அதன் மெல்லிய எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் உள்ள திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

ரெக்கார்டு பிளேயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. அதன் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதிலும் பாஸ் குறைத்துப் பதிந்தது. அதை ‘ஆக்ஸ்’ (AUX) என்ற சாதாரண இன்புட்டில் சொருகினால் கொசு பாடுவது போல மெலிந்துதான் கேட்கும். ‘ஃபோனோ’ என்று எழுதிய இடத்தில்தான் சொருக வேண்டும். மாறாக, 2 வோல்ட் வரை தரும் சிடி பிளேயரை ஃபோனோவில் சொருகிவிட்டு, சத்தம் சிதறுவதைக் கேட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று புதிது வாங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது ‘கரகர’. தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததை விடாதீர்கள். முதல் நாள் அமைதியாகும். அப்புறம் அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். செட்டை அணைத்துவிட்டுக் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது தடவை திருப்புங்கள், பாதிக் கரகர போய்விடும். மீதிக்கு எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர். அதையும் அடித்து, குமிழையே மாற்றியும் கரகர நிற்கவில்லை என்றால், ஏதோ ஒரு கெப்பாசிட்டர், தான் தடுக்க வேண்டிய டிசி-யை (நேர் மின்சாரத்தை) குமிழுக்குக் கசியவிடுகிறது.

மண்டையில் தட்டினால் சத்தம் வருகிறது, அல்லது வால்யூமை ஒரு தடவை ஏற்றினால்தான் ஒரு பக்கம் விழித்துக்கொள்கிறது என்றால், பெரும்பாலும் அது ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஆம்ப்ளிஃபையருக்குள் இருந்து ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் முனைகள் கறுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் மெக்கானிக்குகள் உண்டு; மேல்பூச்சு போய் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். ரிலேயே அதிக விலையில்லை, புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் பாஸ் காணோம், பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை என்றால் ஈக்வலைசரைத் திருகாதீர்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஒரு கோன் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், பாஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்க ஒயரை மட்டும் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

டிவியின் ஆப்டிகல் கேபிள் வழியாகச் சத்தமே இல்லை என்றால் டிவி மெனுவில் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி வடிவத்தில் அனுப்பினால் சாதாரண ஸ்டீரியோ செட்டுக்கு அது புரியாது.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். ஒயர் சுற்றுவதும் பெரிய ஃபியூஸ் போடுவதும் வேண்டாம். இரண்டாவது ஃபியூஸும் உடனே போனால் உள்ளே ஷார்ட். அதற்குமேல் மூடியைத் திறப்பது நமக்கு வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ‘சவுண்ட் சரியில்லை’ என்று சொல்லாமல், ‘இன்புட்டை மாற்றியும் இடது பக்கமே ஊமை, ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக இருக்கின்றன’ என்று சொல்லுங்கள். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கவும் வேண்டியதில்லை.