கிளவுட் விட்டுக் கிளவுட் டேட்டா மாற்றுகிறீர்களா? பழையதை அழிக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் ஆர்குளோனின் (கிளவுட்களுக்கு இடையே கோப்புகளை நகலெடுக்கும் கருவி) கடைசி வரிகள்: 100%, எரர் இல்லை. “எல்லாம் போயிடுச்சு அண்ணா. பழைய அக்கவுண்ட்டைக் காலி பண்ணிடலாமா?” என்று கேட்டான். சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நின்றபோது நான் யாரையும் கேட்கவில்லை. நேராக அழித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்வேர்டு மாறியது, டோக்கன் காலாவதியானது, புது இடத்தில் இடம் போதாதது ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவை வேலையை அங்கேயே நிறுத்திவிடும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். சத்தமில்லாமல் நடப்பவைதான் ஆபத்து.

100% என்பதை நம்பிப் பழையதை அழிப்பது

100% என்றால் என்ன? அந்தக் கருவி எடுத்த பட்டியலில் இருந்தவை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று மட்டுமே அர்த்தம். உங்களிடம் இருந்தவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தனவா என்பது வேறு கேள்வி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்துவைத்திருந்த ஒரு குழு, சுமார் 4 டிபி ஒலிக்கோப்புகளை ஒரு சேமிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரச் சொன்னது. மூன்று பேர் மூன்று ரெக்கார்டர்களில் பதிவு செய்தவை. ஒவ்வொரு ரெக்கார்டரும் கோப்புக்கு 0001, 0002 என்று தானாகவே பெயர் வைக்கும். மூவரும் ஒரே ஃபோல்டரில் ஏற்றியிருந்தார்கள். ஆக, 0017 என்ற பெயரில் அங்கே மூன்று கோப்புகள், மூன்று வெவ்வேறு மனிதர்களின் குரல்கள்.

கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் இது சாத்தியம். அங்கே ஒரு கோப்பை அடையாளம் காட்டுவது அதன் ஐடி, பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் போன்ற இடங்களில் பாதையும் பெயரும் சேர்ந்ததுதான் அடையாளம், அதனால் ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான். மூன்றில் ஒன்று போனது, இரண்டு போகவில்லை. மாற்றி முடித்ததும், இரு பக்கமும் ஒன்றா என்று ஒப்பிடும் ஆர்குளோனின் செக் கட்டளையையும் ஓட்டினேன். வித்தியாசம் 0 என்றது. அதுவும் அதே மாதிரி, ஒரு பெயருக்கு ஒரு கோப்பை மட்டும் எடுத்துத்தான் ஒப்பிடுகிறது. பழைய ஃபோல்டரை அழித்தேன்.

நாற்பது நாள் கழித்து அந்தக் குழுவிலிருந்து போன். 0017-ஐத் திறந்தால் தான் பதிவு செய்த பாட்டியின் குரல் இல்லை, வேறு யாரோ பேசுகிறார்கள் என்றார் ஒருவர். குப்பைத்தொட்டியைப் பார்த்தோம். 30 நாளில் தானாகக் காலியாகிவிடும் தொட்டி அது. காலியாகியிருந்தது.

கருவி செய்ததையெல்லாம் வரி வரியாகப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்தது. தேடினேன். “டூப்ளிகேட் ஆப்ஜெக்ட் ஃபவுண்ட் இன் சோர்ஸ் - இக்னோரிங்” என்று வரி வரியாக அதில் இருந்தது. ஆனால் அந்த வரிகளின் தொடக்கத்தில் ‘எரர்’ என்று இல்லை, ‘நோட்டீஸ்’ என்று இருந்தது. நான் ‘எரர்’ என்ற சொல்லை மட்டும் தேடிவிட்டு லாக்கை மூடியிருந்தேன். ரெக்கார்டர் அட்டைகளில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் மீட்டோம். மற்றவை போனவைதான். அந்தப் பாட்டி அதற்குள் இறந்துவிட்டார், மறுபடி பதிவு செய்யவும் வழியில்லை. இன்றைக்கும் யாராவது லாக்கில் எரர் மட்டும் தேடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய இடத்தின் மொத்தக் கோப்பு எண்ணிக்கையையும் அளவையும் மாற்றுவதற்கு முன்பே குறித்துவைத்திருந்தால், முடிந்த அன்றே பிடித்திருக்கலாம். இப்போது முதல் வேலையாக அதைத்தான் எடுத்துவைக்கிறேன். அப்புறம் ஒரே பெயர்க் கோப்புகளைக் கண்டுபிடிக்கும் டெடூப் கட்டளையை டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) வைத்து ஓட்டி, ஒரே பெயர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்கிறேன். வேண்டிய கோப்புகளுக்குப் பெயர் மாற்றிய பிறகே மாற்றம் தொடங்கும்.

சரி, ஒரே பெயர்ச் சிக்கல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். செக் 0 என்றால் நம்பலாமா? அதுவும் இரண்டு பக்கமும் என்ன ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரி) வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கூகுள் டிரைவ் எம்.டி.5 என்ற ஹாஷைத் தருகிறது. டிராப்பாக்ஸ் கோப்பை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 எடுத்து, அவற்றைச் சேர்த்து மறுபடியும் எஸ்.எச்.ஏ.-256 எடுக்கிறது. ஒன்டிரைவில் குவிக்எக்ஸ்ஓஆர்ஹாஷ். எஸ்3-இல் துண்டு துண்டாக ஏற்றிய கோப்பின் ஈடேக் (எஸ்3 கோப்புக்குத் தரும் அடையாளக் குறி), முழுக் கோப்பின் எம்.டி.5 அல்ல. கடைசியில் ஒரு கோடும் துண்டுகளின் எண்ணிக்கையும் இருந்தால் அது அப்படிப்பட்டதுதான். இரு பக்கத்துக்கும் பொதுவான ஹாஷ் இல்லாவிட்டால் செக் கட்டளை அளவை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். இத்தனை ஹாஷ்களைச் சரிபார்க்க முடியவில்லை என்று கடைசியில் ஒரு வரி மட்டும் வரும். அதைப் படியுங்கள். அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால், டவுன்லோட் விருப்பத்தோடு செக்கை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுக் கோப்பையும் படித்து ஒப்பிடும். நேரமும் டேட்டாவும் செலவாகும், ஆனால் திரும்பக் கிடைக்காத கோப்புகளுக்கு அதைச் செய்தே ஆக வேண்டும்.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகள் இன்னொரு ஓட்டை. வெளியே எடுக்கும்போது அவை வேர்டு, எக்செல் கோப்பாக மாறித்தான் வரும். பழைய பதிப்புகளின் வரலாறு கூட வராது. அது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு மாதம் பழையதைத் தொடாமல் வைத்திருங்கள். அந்தக் கோப்புகளை அன்றாடம் திறக்கிறவர்கள் திறந்து பார்க்கட்டும்.

சிங்க்கும் காப்பியும் ஒன்று என நினைப்பது

ஆர்குளோனின் சிங்க் கட்டளை, பழைய இடத்தில் இல்லாததைப் புது இடத்திலும் அழித்துவிடும். காப்பி போதும்.

750 ஜிபி சுவரில் முட்டுவது

கூகுள் டிரைவில் ஒரு பயனர் ஒரு நாளைக்கு 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது. அதைத் தொட்டதும் 403 (‘அனுமதி இல்லை’ என்ற பிழை) வரும். புதியவர்கள் உடனே ஒரே நேரத்தில் போகும் கோப்புகளின் எண்ணிக்கையை 4-இலிருந்து 32 ஆக்குவார்கள். அதனால் 403 இன்னும் வேகமாக வருமே தவிர, ஒரு கோப்பும் கூடப் போகாது. 750 ஜிபியை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் நொடிக்கு ஏறக்குறைய 8.7 எம்பி. வேகத்தை 8.5-இல் கட்டிவைத்துவிட்டு விடுங்கள், நாள் முழுக்க நிற்காமல் ஓடும். 10 டிபி இருந்தால் இரண்டு வாரம் ஆகும் என்று கேட்டவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சின்னக் கோப்புகளை ஜிபி கணக்கில் அளப்பது

10 கேபி அளவில் பத்து லட்சம் கோப்புகள் என்றால் மொத்தம் 10 ஜிபிதான். ‘அரை மணி நேர வேலை’ என்று தோன்றும். ஆனால் நொடிக்கு இரண்டு கோப்புதான் ஏற்க முடிகிற இடமாக இருந்தால் 5 லட்சம் நொடி, கிட்டத்தட்ட ஆறு நாள். இங்கே நேரத்தைத் தின்பது அளவு அல்ல, எண்ணிக்கை. தனித்தனியாகத் திறக்கத் தேவையில்லாதவற்றை ஒரே டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வடிவம்) கட்டி அனுப்புங்கள்.

நடுவில் உங்கள் கணினி இருப்பதை மறப்பது

இரண்டும் கிளவுட் என்றாலும், வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையே ஆர்குளோன் ஓட்டினால் டேட்டா அது ஓடும் கணினிக்குள் இறங்கித்தான் மறுபடி ஏறுகிறது. 100 எம்பிபிஎஸ் அப்லோடு என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு டிபி ஏறவே 22 மணி நேரம். பழைய டேட்டா இருக்கிற ரீஜியனிலேயே (டேட்டா சென்டர் வட்டாரம்) ஒரு வெர்ச்சுவல் மெஷின், அதாவது கிளவுட்டில் வாடகைக் கணினி, எடுத்து, டிமக்ஸ் (நம் இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் கருவி) உள்ளே ஓட்டுங்கள். வெளியே எடுக்கும் டேட்டாவுக்குக் கட்டணம் உண்டு, அதை முன்பே கணக்குப் போடுங்கள்.

கிளேசியரில் இருப்பதை நேராக இழுப்பது

கிளேசியர் என்பது எஸ்3-இன் மலிவான நீண்டகாலச் சேமிப்பு. இன்ஸ்டன்ட் ரிட்ரீவல் வகை தவிர மற்றவற்றுக்கு முதலில் ரீஸ்டோர் கோர வேண்டும். அதன் மிக மலிவான வகையான டீப் ஆர்க்கைவில் சாதாரண முறையில் 12 மணி நேரம் வரை, பல்க் முறையில் 48 மணி நேரம் வரை ஆகும்.

பாதியில் நின்ற துண்டுகளை விட்டுவிடுவது

எஸ்3-இல் மல்டிபார்ட் ஏற்றம் (கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுவது) நடுவில் அறுந்தால், ஏறிய துண்டுகள் அங்கேயே இருக்கும். சாதாரணமாகக் கோப்புகளைப் பட்டியலிட்டால் கண்ணில் படாது, ஆனால் பில்லில் வரும். முடியாத ஏற்றங்களை ஏழு நாளில் நீக்கும் லைஃப்சைக்கிள் விதியை, முதல் கோப்பை அனுப்புவதற்கு முன்பே பக்கெட்டில் (எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் தொகுப்பு) போட்டுவிடுங்கள்.