பணித்தளப் பயணமும் அன்றன்றுள்ள அப்பமும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத விடுமுறை வந்துவிட்டால் நம் சபைகளிலிருந்து வாலிபர் குழுக்கள் பணித்தளங்களுக்கு, அதாவது ஊழியம் நடக்கும் இடங்களுக்கு, வடக்கே ரயில் ஏறும். குஜராத்தின் டாங்ஸ், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பத்துப் பதினைந்து நாள் பயணம். வழியனுப்பும் ஜெபத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எல்லாத் தேவைகளையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார்." நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவன்தான். அது உண்மை. அவர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அவர் அதை யார் கையால் செய்கிறார் என்று பார்க்காமல் நடந்தால், நம்முடைய விசுவாசத்தின் பாரத்தை வேறொருவர் சுமக்க வேண்டியதாகிவிடும்.

நான் அதைக் கற்றுக்கொண்டது டாங்ஸில், ஒரு குடம் தண்ணீரிலிருந்து.

டாங்ஸ் மாவட்டத்தின் தலைநகரான ஆஹ்வாவுக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு கிராமம். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். கோடையிலோ குடிக்கவே தண்ணீர் கிடைப்பது கஷ்டம். நாங்கள் எட்டுப் பேர், ஒரு விசுவாசி வீட்டில் தங்கியிருந்தோம். முதல் நாள் இரவு தண்ணீருக்காக ஜெபித்தோம். விடிந்து பார்த்தால் வாசலில் குடங்கள் நிரம்பியிருந்தன. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஆளுக்கொரு வாளி ஊற்றிக் குளித்தோம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இருட்டோடு விழிப்பு வந்து வெளியே போனேன். அந்த வீட்டு அம்மாவும் பத்துப் பதினோரு வயது மகளும் தலையில் குடத்தோடு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கீழே கிணற்றில் ஊறுகிற தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டுதான் குடத்தை நிரப்ப வேண்டும். அன்றைக்கு அது மூன்றாவது நடை என்று பிறகு தெரிந்தது. அந்தச் சிறுமியின் சட்டை தோள்வரை நனைந்திருந்தது.

எங்கள் ஜெபத்துக்குப் பதில் வந்திருந்தது, சரி. அது அந்தப் பிள்ளையின் தலையில் ஏறி வந்திருந்தது. அன்றிலிருந்து முகம் கழுவ ஒரு செம்பு, அவ்வளவுதான். எங்களில் இரண்டு பேர் குடம் எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு இறங்கினோம். அந்த அம்மா முதலில் விடவில்லை. மறுநாள் அவர்களே குடத்தை நீட்டினார்கள்.

நாம் செய்யும் தவறுகளில் பெரியதாக நான் நினைப்பது இதைத்தான். ஊருக்குத் திரும்பிச் சாட்சி சொல்லும்போது "கர்த்தர் அற்புதமாகப் போஷித்தார்" என்கிறோம். எந்தக் கை போஷித்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி எலியாவைச் சாறிபாத் ஊருக்கு அனுப்பியபோது, பானையில் ஒரு பிடி மாவு மட்டுமே வைத்திருந்த ஒரு விதவையைக் கொண்டுதான் ஆண்டவர் அவனைப் பராமரித்தார். அந்தப் பானை தீர்க்கதரிசிக்காக மட்டும் நிறையவில்லை. அவளும் அவள் வீட்டாரும் அநேகநாள் சாப்பிட்டார்கள். நாம் தங்கிவிட்டு வந்த வீட்டின் பானை என்ன ஆனது? திரும்பும் ரயிலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டால் பல சாட்சிகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து நேர் எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. பை நிறைய முறுக்கு, ஊறுகாய், நூடுல்ஸ். அந்த அம்மா கேழ்வரகை மாவாக்கித் தட்டிய நாகலி ரொட்டியும் உளுந்துப் பருப்பும் முன்னால் இருக்கும்போது நம் டப்பாவைத் திறப்பது அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிவதில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்பும்போது இயேசு சொன்னது, முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்பதுதான். நல்ல சாப்பாடு கிடைக்கும் வீடாகத் தேடிப் போகாதே என்பதும் அதில் அடக்கம். எங்கள் குழு இப்போது செய்வது இதுதான்: தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து அரிசி, பருப்பு, எண்ணெயை அங்குள்ள ஊழியர் மூலம் முன்கூட்டியே அந்த வீட்டில் சேர்த்துவிடுகிறோம். அப்புறம் அவர்கள் என்ன வைக்கிறார்களோ அதைச் சாப்பிடுகிறோம்.

அடுத்தது, ஆயத்தம் இல்லாமல் போவதை விசுவாசம் என்று நினைப்பது. பையையும் பணத்தையும் தேடி வைக்க வேண்டாம் என்ற மத்தேயு 10ஆம் அதிகார வசனத்தைச் சொல்லித் திரும்பும் டிக்கெட்டே எடுக்காமல் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டளை இஸ்ரவேல் கிராமங்களுக்குள், சொந்த ஜனங்களிடம் போனவர்களுக்குச் சொன்னது. அதே இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவில், பணப்பையும் சாமான்பையும் உள்ளவன் இப்போது எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் (லூக்கா 22:36). அதற்கு முந்தின வசனத்தில், வெறுங்கையாக அனுப்பினேனே, ஏதாவது குறைந்ததா என்று கேட்டு, ஒன்றும் குறையவில்லை என்ற பதிலையும் வாங்கிவிடுகிறார். அதனால் பை எடுத்துப் போவதை நான் அவிசுவாசம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு பயணத்தில் எங்களோடு வந்த மூத்த அண்ணன் ஒருவர் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். இரண்டாம் நாள் இரவு அவருக்குத் தலைசுற்றி, பேச்சு குழறியது. யாரோ ஒருவருடைய பைக்கில் அவரை நடுவில் உட்காரவைத்துக் காட்டுப் பாதையில் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தது கர்த்தருடைய கிருபை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னது சாத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அவனும் வசனத்தைத்தான் காட்டினான். மருந்து, கொசுவலை, மருத்துவமனைக்கு என்று தனியாகக் கொஞ்சம் பணம், இவ்வளவும் இருந்தால்தான் நான் ஒருவரைக் குழுவில் சேர்ப்பேன்.

பணம் கேட்பதில் நடக்கும் தவறு கொஞ்சம் நுட்பமானது. "யாரிடமும் கேட்க மாட்டோம், ஜெபம் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போடுவோம்: "கையிருப்பு தீர்ந்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள்." யாருடைய கண்ணில் பட வேண்டும் என்று போடுகிறோம் என்பது நமக்கே தெரியும். பிரிஸ்டல் நகரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைப் பிள்ளைகளை யாரிடமும் பணம் கேட்காமல் வளர்த்த ஜார்ஜ் முல்லர் இந்த விஷயத்தில் எவ்வளவு உண்மையாக இருந்தார் என்று பாருங்கள். 1841 முடிவில் ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய நேரத்தில் கையில் காசே இல்லாத நெருக்கடி. அறிக்கை வந்தால் நிலைமை வெளியே தெரியும், உதவி வரும். அதனாலேயே அறிக்கையையும் கூட்டத்தையும் அவர் தள்ளிப்போட்டார்.

எல்லோரும் முல்லராக வேண்டும் என்று சொல்லவில்லை. அப்போஸ்தலன் பவுல் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் கேட்டார். ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் உதவுங்கள் என்று ரோமருக்கு எழுதினார். கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்காததுபோல் காட்டிக்கொண்டு கேட்பதுதான் கூடாது.

கேட்டு வந்தாலும் கேட்காமல் வந்தாலும் கணக்கு எழுத வேண்டும். காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்லாதபடி பவுல் கூடவே ஆட்களைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). மிசோரம் சபைகளில் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அப்படி ஒரு அடுப்படியிலிருந்து வருகிற பணத்துக்கு பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரமாக வைக்கத்தான் வேண்டும். மிச்சம் இருந்தால் சொல்லிவிட்டு அடுத்த பயணத்துக்கு வையுங்கள், அல்லது பணித்தளத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

குழுவுக்குள் ஒருவர் ஐயாயிரம் ரூபாயை யாருக்கும் தெரியாமல் பையில் வைத்திருக்க, இன்னொருவர் டீ குடிக்கக் காசில்லாமல் உட்கார்ந்திருப்பதும் நடக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கிடைத்த மன்னா என்ற அப்பத்தை மறுநாளுக்குப் பதுக்கினவர்களுக்குப் புழுதான் கிடைத்தது. முதல் நாளே பொதுப்பை ஒன்று வைத்துவிட்டால் இந்தப் பேச்சே வராது.

வீட்டை மறப்பது வேறொரு தவறு. குடும்பஸ்தர் ஒருவர் பதினைந்து நாள் விசுவாசத்தில் போகிறார். மனைவி பக்கத்து வீட்டில் சிலிண்டருக்குக் கடன் கேட்கிறாள். அவளும் விசுவாசத்தில்தான் இருக்க வேண்டியிருக்கிறது, அவளை யாரும் கேட்காமலேயே. தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது மிகக் கடுமையானது. அரிசி, பால், பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

இத்தனையும் செய்தாலும் குறைவுபடும் நாள் வரும். பஸ் தவறும், ஒரு வேளை பட்டினி கிடப்போம். அப்போது "உன் விசுவாசக் குறைவுதான்" என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்ற வசனத்தைப் பயணத்துக்கு எடுத்துப் போகிறோமே, அது பவுல் தனக்காகச் சொன்னதல்ல. சிறையில் இருந்த அவருக்கு எப்பாப்பிரோதீத்து கையில் உதவி அனுப்பிய பிலிப்பியருக்குச் சொன்னது. அதே அதிகாரத்தில், பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார்.

அவருடைய கடைசிக் கடிதத்தில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இத்தனை வருஷம் தேவனை நம்பி ஊர் ஊராகப் போன மனிதர், குளிர் வருகிறது, என் அங்கியை எடுத்து வா என்று தன் மகனைப்போன்ற ஒருவனிடம் கேட்கிறார்.