ஐஸ்லாந்து மேட்டுநிலத்தைச் சைக்கிளில் கடக்க: கிலோமீட்டரை விட்டு நாளை எண்ணுங்கள்

ஐஸ்லாந்தில் ஊர்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. நடுவே விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் ஊர் கிடையாது, கடை கிடையாது, ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. சாப்பாடு, கூடாரம், கருவி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு அதைக் கடக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு, வரைபடத்தில் தூரத்தை அளந்து தினசரி வேகத்தால் வகுப்பது. 200 கி.மீ. தானே, மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். எதிர்க்காற்றும் கருமணலும் சேர்ந்தால் ஒரு நாளில் 20 கி.மீ. நகர்வதே பெரும்பாடு. இந்த நாட்டில் பயணத்தை நாள் கணக்கில்தான் போட வேண்டும். உணவு, எரிவாயு, விமான டிக்கெட் மூன்றும் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

எப்போது, எந்தப் பாதை

மேட்டுநிலச் சாலைகள் பெரும்பாலானவற்றின் எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கும். குளிர்காலம் முழுக்க அவை மூடியிருக்கும். பனி உருகி, தரை காய்ந்த பிறகே சாலைத்துறை ஒவ்வொன்றாகத் திறக்கும். சில ஜூன் நடுவில் திறக்கும், சில ஜூலைக்கும் தள்ளிப்போகும். திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பயணத்தை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஜூன், ஜூலையில் இரவென்று ஒன்று ஏறக்குறைய இல்லை. காற்று பகலில் அடித்தால் படுத்துவிட்டு, அடங்கிய பிறகு நள்ளிரவில் ஓட்டலாம். ஆகஸ்ட் கடைசியில் அந்த வசதி போய்விடும்.

தெற்கிலிருந்து வடக்கே கடக்க இரண்டு பெரிய பாதைகள். முதல்முறை போகிறவர்கள் க்யோலூர் பாதையை, அதாவது 35-ஆம் எண் சாலையை, எடுப்பதே சரி. குல்ஃபாஸ் அருவியிலிருந்து லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்ற இரண்டு பனிப்பாறைகளுக்கு நடுவே போய், வடக்கே ப்லோந்துவோஸ் ஊர்ப்பக்கம் இறங்குகிறது. சுமார் 170 கி.மீ. வழியில் வரும் ஆறுகள் எல்லாவற்றுக்கும் பாலம் உண்டு. பாதி வழியில் ஹ்வெராவெட்லிரில் வெந்நீர்க் குளமும் தங்கும் குடிலும் இருக்கின்றன. நான்கு நாள் போதும், ஆறு நாளுக்குத் தயாராகப் போங்கள். இதை எளிய பாதை என்று சொல்வதும் மற்றதோடு ஒப்பிடும்போது மட்டும்தான். 1780 இலையுதிர்காலத்தில் ஆட்டு மந்தையோடு இவ்வழியே வந்த ஐந்து பேர் பனிப்புயலில் இறந்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் எலும்புமேடு என்றுதான் பெயர்.

இரண்டாவது ஸ்ப்ரெங்கிசாந்தூர், எஃப்26. தெற்கில் கடைசித் தங்குமிடமான ஹ்ரோய்னேயாரை விட்டால் வடக்கே பார்தார்தாலூர் பள்ளத்தாக்கின் முதல் பண்ணை வரும்வரை சுமார் 200 கி.மீ. வெறும் கல்லும் மணலும். நடுவில் நீயிதாலூர் குடில் ஒன்றுதான். அதன் பக்கத்திலேயே பாலமில்லாத ஆறுகளும் இருக்கின்றன. ஆறு நாள் திட்டமும் எட்டு நாள் உணவும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வடக்கே சாலையில் போக நினைத்தால் ஒரு சிக்கல்: ஹ்வால்ஃப்யோர்தூர் கடலடிச் சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கடற்கழியைச் சுற்றும் 47-ஆம் எண் சாலையில் 45 கி.மீ. போலக் கூடும். அழகான, ஆள் நடமாட்டம் குறைந்த சாலை என்பதால் அது நஷ்டமில்லை. கணக்கில் சேர்க்க மறந்தால்தான் நஷ்டம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

சுமையோடு தார்ச்சாலையில் 80 கி.மீ., நல்ல சரளைச் சாலையில் 45 முதல் 50, மணலில் 25 முதல் 30 என்று போடுங்கள். மூன்று நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் காற்றுக்கென்று ஒதுக்குங்கள். வானிலைத்துறை காற்றை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்லும். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்குக் கி.மீ. கிடைக்கும். 10 என்றால் மணிக்கு 36 கி.மீ.; ஓட்டலாம், ஆனால் பாதி வேகம்தான். 15-க்கு மேல் பக்கக்காற்று சரளையில் சக்கரத்தை இழுத்துவிடும், கூடாரத்திலேயே இருங்கள். 20 என்றால் கூடாரமே கேள்விக்குறி. குடிலுக்கு அருகில் இருக்கும்படி முன்கூட்டியே நகர்ந்துவிட வேண்டும்.

சைக்கிளில் என்ன பழுதாகும், ஏன்

சரளைச் சாலை வண்டிகள் ஓடி ஓடி சலவைப்பலகை போல வரிவரியாகிவிடும். அதன் அதிர்வு நாள் முழுக்க ஏறுவதால் முதலில் கழல்வது திருகாணிகள். கேரியர், ஃபோர்க்கில் மாட்டிய கூண்டு, பாட்டில் கூண்டு மூன்றின் திருகாணிகளையும் வீட்டிலேயே கழற்றி, நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு வைத்து முடுக்குங்கள். தினமும் மாலை கூடாரம் போட்டதும் ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. காணாமல் போன ஒரு 5 மி.மீ. திருகாணியால் முழுப் பையையும் தோளில் தூக்கவேண்டி வரும். மாற்றுத் திருகாணி நான்கு, பிளாஸ்டிக் கட்டு பத்துப் பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் 2.2 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 2.4 முதல் 2.6 வரை சௌகரியம். ட்யூப் இல்லாத டயரில் சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்) ஊற்றிப் போங்கள், கூடவே ஒரு ட்யூபும் இருக்கட்டும். எரிமலைக் கல்லின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். சீலன்ட் அதை அடைக்காது. தடித்த ஊசி, பல்லிடுக்கு நூல், உள்ளே ஒட்ட ஒரு பழைய டயர்த்துண்டு இருந்தால் தைத்து ஓட்டலாம். சரளையில் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. காற்று போதும், மணல் வந்தால் 15-க்கு இறக்குங்கள். பலர் இறக்கச் சோம்பல்பட்டு தள்ளிக்கொண்டே நடக்கிறார்கள்.

ஈரமான எரிமலை மணல் பிரேக்கை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ரெசின் பேடுகள் சில நாள் மழையிலேயே தீர்ந்துபோகக்கூடும். உலோகப் பேடு போட்டு, சக்கரத்துக்கு ஒரு மாற்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் இருந்தால் இந்தப் பயணத்துக்கு வேறு சைக்கிள் பார்ப்பது மேல், ஏனென்றால் ரிம்மே தேய்ந்துபோகும். செயினுக்கு ஈரப்பதத்துக்கான எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காத எண்ணெயில் மணல் ஒட்டி அரைக்கும்.

மற்றவை: பின் கியரைத் தாங்கும் டீரெய்லர் ஹேங்கர் 1 (உங்கள் ஃப்ரேமுக்கு உரியதுதான் பொருந்தும்), செயின் இணைப்பு 2, சரியான நீளத்தில் ஸ்போக் கம்பி 4, கியர் கேபிள் 1, செயின் உடைப்பான், பம்பு. பிரேக் பேடையும் ஹேங்கரையும் புறப்படுமுன் ஒருமுறை உங்கள் கையால் மாற்றிப் பழகுங்கள்.

கூடாரமும் உடுப்பும்

ஜூலையிலும் மேட்டுநிலத்தில் பகல் 5 முதல் 12 டிகிரிதான். இரவில் உறைநிலையைத் தொடும். –5 டிகிரி வரை குளிராமல் தூங்கத்தக்க தூக்கப்பை, வெப்பத்தடை மதிப்பு (ஆர்-வேல்யூ) 4-க்குக் குறையாத பாய், நல்ல மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, இரண்டு ஜோடி கையுறை வேண்டும். பருத்தி வேண்டாம், கம்பளி உள்ளாடை போதும். தூங்குவதற்கென்று ஒரு செட் உடையை நீர்புகாப் பையில் கட்டிவைத்து, எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள்.

கூடாரத்தின் உட்பகுதி முழுக்க வலையாக இருந்தால் காற்று கிளப்பும் சாம்பல்மணல் உள்ளே புகுந்து தூக்கப்பை, சோறு, கண் எல்லாவற்றிலும் படியும். துணிச்சுவர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய முளைகள் மணலில் நிற்காது. அகலமான முளை ஆறேழு, கூடுதல் இழுகயிறு நான்கு வேண்டும். காற்றில் கூடாரம் போடும் முறை இது: துணியைப் பையிலிருந்து முழுவதும் எடுக்காமல், காற்று வரும் பக்கத்து மூலையை முதலில் முளையடித்து அதன்மேல் பெரிய கல்லை வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, தண்டுகளை நுழைத்து, கடைசியில் தூக்குங்கள். கல்லைக் கயிற்றின் மேல் நேரடியாக வைத்தால் ஒரே இரவில் உராய்ந்து அறுந்துவிடும். கயிற்று முனையில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி, அதற்கு முன்னால் பெரிய கல்லை அணைத்து வையுங்கள்.

பாசியின் மேல் கூடாரமோ சக்கரமோ வேண்டாம். ஒரு தடம் ஆற பல பத்தாண்டு ஆகும். சைக்கிளானாலும் சாலையையும் குறித்த பாதையையும் விட்டு இறங்காதீர்கள். குடிலருகே முகாமிடக் கட்டணம் உண்டு. கழிப்பறையும் தண்ணீரும் கிடைப்பதால் கொடுக்கலாம். மீவாட்ன் ஏரிப்பக்கம் போனால் தலைக்குக் கொசுவலை அவசியம். அந்தப் பெயரே கொசு போன்ற சிற்றீக்களின் ஏரி என்றுதான் பொருள்படும்.

சாப்பாடு, எரிவாயு, தண்ணீர்

ஒரு நாளைக்கு 3,500 முதல் 4,500 கலோரி எரியும். 100 கிராமுக்கு 450 கலோரி தரும் உலர் உணவாகப் பார்த்து எடுத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 900 கிராம். க்யோலூருக்கு ஆறு நாள் என்றால் 5.4 கிலோ. ஓட்ஸ், பால்பொடி, உடனடி நூடுல்ஸ், கூஸ்கூஸ், வேர்க்கடலை வெண்ணெய், சாக்லேட், பாலாடைக்கட்டி என்று எல்லாமே செல்ஃபாஸ் ஊர் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம். ஃப்லாட்காகா என்ற ரை தானியத் தட்டை ரொட்டி நசுங்காமல் பல நாள் இருக்கும். ஹார்ட்ஃபிஸ்கூர் எனும் கருவாட்டை வெண்ணெய் தடவி அப்படியே கடிக்கலாம். எடை குறைவு, புரதம் நிறைய. க்யோலூர் வழிக் குடில்களில் சாப்பாடு கிடைக்கலாம், ஆனால் அதை நம்பிக் குறைத்து எடுக்காதீர்கள்.

கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற முடியாது. திருகு வாய் டப்பாவை அங்கே பெட்ரோல் நிலையத்திலோ மலையேற்றக் கடையிலோ வாங்குங்கள். நாளைக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்கவைக்கக் காற்றில்லாதபோது 25 கிராம், குளிரிலும் காற்றிலும் 35 கிராம் ஆகும். எனவே 230 கிராம் டப்பா ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு வாரம். இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் சுடர் ஒழுங்காக எரியும்.

மழை கொட்டும் நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று தோன்றலாம். எரிமலை மணல் மழைநீரை அப்படியே கீழே உறிஞ்சிவிடும். கண்ணில் படும் ஆறு பெரும்பாலும் பனிப்பாறை உருகிய சாம்பல்நிற நீர். அதன் நுண்வண்டல் வடிகட்டியைச் சில நிமிடத்தில் அடைத்துவிடும். தெளிந்த ஊற்றோடையைக் கண்ட இடத்திலேயே நிரப்புங்கள். 5 லிட்டர் கொள்ளும் மடிப்புப் பை இருக்கட்டும். வேறு வழியில்லை என்றால் சாம்பல்நீரைப் பாத்திரத்தில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றி எடுங்கள்.

பாலமில்லாத ஆறு

வெயில் ஏற ஏற பனிப்பாறை உருகும். அந்த நீர் சாலைக்கு வந்து சேரப் பிற்பகலோ மாலையோ ஆகிவிடும். அதனால் இந்த ஆறுகள் விடியற்காலையில் தாழ்ந்தும் மாலையில் பெருத்தும் இருக்கும். மாலை வந்து சேர்ந்தால் இக்கரையிலேயே கூடாரம் போட்டு, காலை நான்கைந்து மணிக்குக் கடங்கள். நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்தால், காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆறு பல கிளையாகப் பிரிந்து விரியும் இடத்தில்தான் ஆழம் குறைவு. முதலில் வெறுங்கையோடு, ஒரு கோலை ஊன்றி நடந்து பாருங்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே வேண்டாம். பிறகு பைகளை ஒரு நடையில், சைக்கிளை அடுத்த நடையில் கொண்டுபோங்கள். சைக்கிள் உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கம் இருக்கட்டும். மேல்நீர்ப் பக்கம் இருந்தால் ஓட்டம் அதை உங்கள் கால்மேல் தள்ளி வீழ்த்தும். இழுத்துக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். வெறுங்காலோடு இறங்கக்கூடாது: குதிகால் வார் உள்ள செருப்பும் நியோப்ரீன் காலுறையும் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் காத்திருங்கள். பெரிய சக்கர ஜீப் ஒன்று வரும், கேட்டால் ஏற்றிக் கடத்திவிடுவார்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

தகவல், உதவி

அவசர எண் 112. அதன் செயலியை முன்பே இறக்குங்கள். சாலை நிலவரத்துக்கு 1777-ஐ அழைக்கலாம். சேஃப்டிராவல் தளத்தில் உங்கள் பாதையையும் திரும்பும் தேதியையும் பதிவுசெய்யுங்கள். மீட்புப் படையினர் தன்னார்வலர்கள், எங்கே தேடுவது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேட்டுநிலத்தில் கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், தனியாகப் போகிறவர்கள் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி எடுத்துச் செல்லுங்கள். சரளையில் வேகம் குறைவதால் டைனமோ சார்ஜ் ஏற்றாது, 20,000 எம்.ஏ.ஹெச். பவர்பேங்க் கைபேசியை மூன்று முறை நிரப்பும். அதைக் கைப்பையில்தான் விமானத்தில் கொண்டுபோக வேண்டும்.

மறுபக்கம் இறங்கியதும் முதல் ஊரில் நீச்சல்குளத்தைத் தேடுங்கள். சின்ன ஊரிலும் வெந்நீர்த் தொட்டியோடு ஒன்று இருக்கும். உள்ளே போகுமுன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே கட்டாயம். திரும்பும் விமானத்துக்குமுன் மிச்சமுள்ள கேஸ் டப்பாவை முகாம் அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார்.