டிரைவர் ஃபிளாஷ் சிப்பை அடையாளம் காணவில்லையா? முதலில் பைட்டுகளைப் பாருங்கள்

எஸ்பிஐ நார் ஃபிளாஷை (எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பில் பேசும் சேமிப்புச் சிப்பை) டிரைவர் கண்டுகொள்ளவில்லை என்றதும் பலர் நேராக, டிரைவருக்குத் தெரிந்த சிப்களைப் பட்டியலிடும் ஐடி அட்டவணையைத் திறந்து புது வரி சேர்க்கப் போய்விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஐடியைக் கேட்கும் 9எஃப் கட்டளைக்குச் சிப் தந்த பதிலை, டிரைவர் அதை எதனோடும் ஒப்பிடுவதற்கு முன்பே, ஆறு பைட்டும் ஹெக்ஸில் லாக்கில் விழுகிற மாதிரி ஒரு பிரிண்ட் போடுங்கள்.

எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் 00 என்றால் பெரும்பாலும் அட்டவணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிப் செலக்ட் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கம்பி), பின்மக்ஸ் (எந்தப் பின் எந்த வேலைக்கு என்ற அமைப்பு), மின் இணைப்பு, இவற்றைப் பாருங்கள். பவர்டவுனில் இருக்கும் சிப்பும் பதில் தராது. ஏபி கட்டளையால் எழுப்பி, டேட்டாஷீட் சொல்கிற நேரம் காத்திருந்து மறுபடி கேளுங்கள்.

ஏதோ வருகிறது, ஆனால் எந்த டேட்டாஷீட்டோடும் ஒத்துப்போகவில்லையா? ஸ்பான்ஷன் எஸ்25எஃப்எல்128எஸ் 01 20 18 என்று தர வேண்டும். 02 40 30 வந்தால் உற்றுப் பாருங்கள், ஹெக்ஸில் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகியிருக்கிறது, அதாவது முதல் பிட்டைக் கன்ட்ரோலர் தவறவிட, மற்றதெல்லாம் ஒரு பிட் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. எஸ்பிஐ மோட் (கிளாக்கின் எந்த விளிம்பில் பிட்டைப் படிப்பது என்ற அமைப்பு) 0 அல்லது 3-ல் இருக்கிறதா என்று சரிபார்த்து, கிளாக்கையும் குறைத்துப் பாருங்கள். இதையே புது ஐடி என்று அட்டவணையில் சேர்த்து ஒப்பேற்றினால், அப்புறம் படிக்கிற தரவும் நகர்ந்தே வரும்.

சரி, ஐடி சுத்தமாக வருகிறது, அட்டவணையில்தான் இல்லை என்றால் இப்போது சேர்க்கலாம். ஆனால் மூன்று பைட் எப்போதும் போதாது. அதே எஸ்25எஃப்எல்128எஸ்-இல் ஐந்தாவது பைட் 00 என்றால் செக்டர் (ஒரே தடவையில் அழியும் பகுதி) 256 கேபி, 01 என்றால் 64 கேபி. முதல் மூன்றும் ஒன்றேதான். 256 கேபி சிப்பை 64 என்று நம்பி ஒரு செக்டரை அழித்தால், பக்கத்திலிருக்கும் 192 கேபியும் சேர்ந்து காலி, எரர் ஒன்றும் வராது! அதனால் நீண்ட ஐடியையே எழுதுங்கள். டிரைவர் முதல் பொருத்தத்தோடு தேடலை நிறுத்துகிற வகை என்றால், நீண்ட ஐடி உள்ள வரி குட்டை வரிக்கு மேலே இருக்க வேண்டும்.

மூன்றாவது பைட்டிலிருந்து கொள்ளளவைக் கணக்குப் போடுவதும் எல்லா இடத்திலும் எடுபடாது. ஹெக்ஸில் 18 என்றால் 24, அதாவது 2-இன் 24-ஆம் அடுக்கு, 16 எம்பி, சரிதான். மைக்ரான் என்25கியூ512-ஓ 20 பிஏ 20 என்கிறது. அந்தக் கணக்கில் 4 ஜிபி, உண்மையில் 64 எம்பி. சிப்பில் எஸ்எஃப்டிபி (சிப் தன் விவரங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் அட்டவணை) இருந்தால் 5ஏ கட்டளையால் அந்த அட்டவணையைப் படித்து, அளவையும் அழிக்கும் கட்டளைகளையும் சிப்பிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, பெயர் சரியாக வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தேவையான தரவு எதுவும் இல்லாத பகுதியில், அடுத்தடுத்த சில செக்டர்களில் எஃப்எஃப் அல்லாத எதையாவது (அழித்த இடம் எஃப்எஃப் என்றுதான் படிக்கும்) எழுதி, நடுவில் ஒன்றை மட்டும் அழித்து, இருபுறமும் எழுதியது அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.