பனி உருகும் நாட்களில் டிரவுட் பயணம்: இடத்தை மாற்றியதால் கிடைத்த மீன்

வசந்தத்தின் பிற்பகுதியில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க நான் திட்டமிட்ட முதல் பயணம், மலைப்பனி உருகி ஆறு கலங்கிப் பெருகியதால் வீணாயிற்று; முழங்கால் ஆழத்தில் நின்றபோது என் காலணியே தெரியவில்லை. அடுத்த ஆண்டு, நாளைக் குறிக்கும் முன்பே நீரோட்ட அளவையும் நீரின் வெப்பநிலையையும் இரண்டு வாரம் தொடர்ந்து எழுதிவைத்தேன். பெருக்கு தணியாது என்று தெரிந்ததும், நீர்த்தேக்கத்தின் அடிமட்ட நீர் திறந்துவிடப்படுவதால் குளிர்ந்து தெளிந்தோடும் அணைக்குக் கீழ்ப்பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். பயணத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு முடிவுதான்.

வெப்பமானி 11 டிகிரி செல்சியஸ் காட்டியது; டிரவுட் நன்றாக இரையெடுக்கும் குளிர்ச்சி அது. அது எதை இரையாக எடுக்கிறது என்று பார்க்கக் கரையோரக் கல்லொன்றைப் புரட்டினேன். அடியில் மூன்று வால் இழைகளோடு பழுப்பு நிற மேஃபிளை இளம்பூச்சிகள் ஒட்டியிருந்தன. அதே அளவும் நிறமும் கொண்ட செயற்கைப் பூச்சியைக் கட்டி, ஆற்றடியை ஒட்டி மிதக்கவிட்டபோது, மூன்றாவது வீச்சிலேயே தூண்டில் கயிறு சட்டென நின்றது; மீன் கவ்விவிட்டது.